ஜெசிந்தாவின் ஒர்க்‌ஷாப் படிப்பு

மூன்று வருடம் பாலிடெக்னிக்கில் படித்து, கலந்தாய்வில் இடம் வாங்கி, பொறியியல் கல்லூரியில் நேரடி இரண்டாம் ஆண்டுக்கு வந்த ஜெசிந்தாவை, மறுபடி முதலாம் ஆண்டில் உட்காரச் சொன்னார் துறைத் தலைவர் வரதராஜுலு. இதைவிட அநியாயம் உண்டா?

"ஒர்க்‌ஷாப் வேலையெல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்ட?"

"டிப்ளமோ படிச்ச வாத்தியார்கள்கிட்ட, சார்."

"டிப்ளமோக்காரன் சொல்லிக்கொடுத்தது இங்கே செல்லாது. ஒரு வருஷம் போனால் போகட்டும்."

ஜெசிந்தா வாதாடவில்லை. "அதையே எழுதிக் கொடுங்க சார், வீட்டில் காட்டணும்" என்றாள். அவரும் மிடுக்காக எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினார்.

அந்தத் தாளோடு அவள் நேரே முதல்வரிடம் போனாள். முதல்வர் படித்துவிட்டு வரதராஜுலுவையும் அழைத்தார்.

"உனக்கு என்னம்மா வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம் சார். முதலாம் ஆண்டுக்குப் போறேன். ஆனா நான் மட்டும் எப்படிப் போறது? நம்ம ஒர்க்‌ஷாப்பில் சொல்லிக்கொடுக்கிற பிச்சையா அண்ணனும் டிப்ளமோதான். போன வருஷம் அவர்கிட்ட கத்துக்கிட்ட இரண்டாம் ஆண்டு மொத்தமும் என்கூட வரணுமே. இந்த உத்தரவை வகுப்பில் நான் வாசிக்கட்டுமா, இல்லை சாரே வாசிக்கிறாரா?"