பெட்டிக்குப் போய்ச் சேராத சம்மதம்

ஒருவரும் பொய் சொல்லாத அறையில் ஒரு பெண்ணின் வேலை பறிபோன கதை இது. தவறு எங்கே என்று கவனித்துக்கொண்டே வாருங்கள்.

திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் மெயில் சர்வரைக் கவனித்துவந்தவர் ஆவுடையப்பன். வயது ஐம்பத்து நாலு. முன்பெல்லாம் அந்த சர்வர் குப்பை மெயில்களை வாங்கிப் பார்த்துவிட்டு, அனுப்பியவருக்கே திருப்பிவிடும். ஆனால் குப்பை அனுப்புகிறவன் தன் முகவரியையா போடுவான்? யாரோ ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் முகவரியைப் போட்டிருந்தான். நாலாயிரம் மெயில் அவர் தலையில் போய் விழுந்தது. "நான் உங்களுக்கு ஒரு வரிகூட எழுதலையே தம்பி, ஏன் திருப்பித் திருப்பி அனுப்புதீங்க?" என்று போனில் கேட்டார். ஆவுடையப்பன் கூனிக்குறுகிப் போனார்.

"இனி எதையும் திருப்பி அனுப்பாதீங்க" என்று உத்தரவிட்டார் பதிவாளர் மைதிலி.

வாங்குவதற்கு முன்பே, வாசலிலேயே "வேண்டாம்" என்று மறுக்கவும் சர்வரைப் பழக்கலாம். அப்போது, அனுப்பியவரின் மெயில் கம்பெனியே அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடும். அதற்கு இரண்டு நாள் வேலை. ஆவுடையப்பன் சுலபமானதைச் செய்தார்: வழக்கம்போல் வாங்கிக்கொள், சத்தமில்லாமல் அழித்துவிடு. குப்பை அதிகம் வந்த ஒரு சின்ன மெயில் கம்பெனியிலிருந்து வரும் எல்லாவற்றுக்கும் அதே கதிதான்.

ஜெனோவாவின் முகவரி அந்தக் கம்பெனியுடையது. அவள் ஆராய்ச்சியாளர் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் மெயிலில் சம்மதம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேலை, பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். அவள் புதன்கிழமையே எழுதிவிட்டாள்.

திங்கட்கிழமை சேர வந்தவளிடம், "உங்க சம்மதம் வரலையேம்மா. அடுத்தவர் மூணு மணிக்குக் கையெழுத்துப் போடுறார்" என்றார் பதிவாளர். ஜெனோவா அங்கிருந்தே தன் மெயில் கம்பெனியோடு போனில் பேசி, மெயில் போன பதிவை வரவழைத்துக் காட்டினாள். "உங்க சர்வர் 'பெற்றுக்கொண்டேன்'னு பதில் சொல்லியிருக்கு மேடம்."

பதிவாளர் ஆவுடையப்பனைக் கூப்பிட்டார். கம்பெனியின் பெயரைக் கண்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நம்ம மெயில் பெட்டியில இருக்கா?" என்றார் பதிவாளர்.

"இல்லை மேடம்" என்றார் ஆவுடையப்பன், பெட்டி முழுவதையும் தேடிப் பார்த்துவிட்டு.

"கேட்டுக்கோம்மா. இந்தப் பதிவை மட்டும் வச்சு நான் எப்படி நம்புறது? இப்பல்லாம் எழுதாமலே எழுதினேன்னு வந்து நிக்கிறவங்க ஜாஸ்தி."

"சார், நல்லாப் பார்த்தீங்களா?" என்றாள் ஜெனோவா. ஆவுடையப்பன் தரையைப் பார்த்தபடி ஆமென்று தலையசைத்தார். அவள் படியிறங்கிப் போனாள். மணி இரண்டேகால்.

உத்தரவு பதிவாளருடையது. ஜெனோவா ஒரு போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளவில்லை. ஆவுடையப்பன் உத்தரவை மீறவில்லை, சொன்னதும் உண்மை. அப்படியானால் அவள் வேலை பறிபோனது யாரால்?

ஆவுடையப்பனால். பதிவாளர் திருப்பி அனுப்பக் கூடாது என்றாரே தவிர, வாசலில் மறுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. மறுத்திருந்தால் ஜெனோவா அன்றே வேறு முகவரியிலிருந்து எழுதியிருப்பாள். 'பெற்றுக்கொண்டேன்' என்று பதில் கிடைத்த பிறகு எதற்காகப் போன் செய்வாள்? குப்பையைத் தடுத்தது தவறில்லை; வாங்கிக்கொண்டதாகச் சொல்லிவிட்டு எறிந்ததே தவறு. அவள் படியிறங்கும்போதே ஆவுடையப்பனுக்கு இந்த விடை தெரியும். அதைச் சொல்லப் பதிவாளர் அறைக் கதவை அவர் தட்டியபோது மணி மூன்று இருபது. உள்ளே அடுத்தவருக்குக் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.