தளவாயின் பொறுமைக்குத் தடம் பார்த்த கதை

ணங்!

முதலில் அந்தச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் ஏதோ ஒன்று படிப்படியாக உருண்டு முற்றத்தில் இறங்கியது. அதற்கும் அப்புறம் தளவாய் காளத்தியப்பரின் குரல் வந்தது. செம்மணல்கோட்டையின் படை முழுக்க அந்தக் குரலுக்கு நடுங்கும்.

சபை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சுருளியப்பன் நிதானமாக இரண்டாவது செருப்பையும் கழற்றினான். அவனுக்கு அரண்மனையில் வேலை என்று ஒன்றும் கிடையாது. ராஜா கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பல நாள் அதுவே பெரிய வேலையாக இருந்தது.

உள்ளே போய்ப் பார்த்தான். வெற்றிலை எச்சில் துப்பும் பித்தளைப் படிக்கம் முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது. தளவாய் ஒற்றைக் காலில் நின்றார். உதைத்த கால் வலித்திருக்க வேண்டும். படிக்கங்களைத் துலக்கி வைக்கிற செங்கமலம் கை கட்டி நின்றாள். தளவாயின் வலது பக்கம் வைக்க வேண்டியதை அன்றைக்கு இடது பக்கம் வைத்துவிட்டாள்.

"பொழுது சாய்வதற்குள் இவளை ஆற்றின் அக்கரைக்குத் துரத்த வேண்டும், மகாராஜா!"

"படிக்கத்துக்காகவா?" என்றார் ராஜா.

"படிக்கமா? ஒழுங்கு! இன்றைக்குப் படிக்கம் இடம் மாறும். நாளைக்குப் பீரங்கி இடம் மாறும்!"

"சரி, துரத்தித் தொலையுங்கள்." ராஜாவும் அன்றைக்கு நல்ல மனநிலையில் இல்லை.

"சாமி, வீட்டுல மக நிறைமாசமா இருக்கா. இன்னைக்கோ நாளைக்கோன்னு..." என்றாள் செங்கமலம். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

சுருளியப்பன் கும்பிட்டான். "தாராளமாகத் துரத்தலாம் மகாராஜா. அதற்கு முன்னால் ஒரு திருட்டு வழக்கு பாக்கி இருக்கிறது."

"என்ன திருட்டு?"

"தளவாயின் பொறுமையைக் காணோம். வீட்டிலிருந்து கிளம்பும்போது இருந்திருக்கிறது. இங்கே வந்து பார்த்தால் இல்லை. தடம் பார்க்க உத்தரவு வேண்டும்."

தடம் பார்ப்பது அந்த நாட்டின் பழைய சட்டம். மாடு களவு போனால் குளம்படியைப் பின்பற்றிப் போவார்கள். தடம் எந்த ஊர் எல்லைக்குள் நுழைகிறதோ, அந்த ஊர்க்காரர்கள் அது வெளியே போன வழியைக் காட்ட வேண்டும். காட்ட முடியாத ஊர், தன் தொழுவத்திலிருந்து ஒரு மாட்டை அவிழ்த்துக் கொடுக்க வேண்டும்.

"என்னிடம் எதுவும் காணாமல் போகவில்லை!" என்று தளவாய் கத்தினார். உத்தரத்திலிருந்து இரண்டு புறாக்கள் பறந்தன.

"உடைமைக்காரருக்கே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான திருட்டு," என்றான் சுருளியப்பன்.

ராஜாவுக்கு லேசாகச் சுவாரசியம் பிறந்தது. "நடத்துடா."

"தளவாயவர்களே, வருகிற வழியில் யாரைப் பார்த்தீர்கள்?"

"மந்திரியாரைப் பார்த்தேன். புது மதிலைப் பார்க்க நாளைக்கு ராஜா போகிறாராம். 'அடடே, உமக்குச் சொல்லவில்லையா?' என்று கேட்டார்." தளவாயின் குரல் இறங்கிவிட்டது. "மதில் கட்ட இடம் பார்த்ததே நான்தான்."

எல்லோரும் மந்திரி சிவக்கொழுந்தைப் பார்த்தார்கள்.

"நான் நயமாகத்தான் கேட்டேன்," என்றார் மந்திரி.

"தடம் உங்கள் எல்லைக்குள் வந்துவிட்டது ஐயா. வெளியே போன வழியைக் காட்டுங்கள்."

மந்திரி மேல்துண்டைச் சரி செய்தார். மறுபடியும் சரி செய்தார். "காலையில் வாய்க்கால் விஷயம் சொல்லிக்கொண்டிருந்தேன். மகாராஜா ஜன்னலைப் பார்த்தபடி, 'சரி சரி, சுருக்கமாகச் சொல்லும்' என்றார். நான் அப்போதுதான் தொண்டையைக் கனைத்திருந்தேன். ஒரு வார்த்தைகூட இன்னும் சொல்லவில்லை."

சுருளியப்பன் மெதுவாகச் சிம்மாசனத்தைப் பார்த்தான்.

"என்னையா?" என்றார் ராஜா.

"சட்டம் மகாராஜா. உங்கள் தாத்தா போட்டது."

ராஜா மோதிரத்தைத் திருகினார். வெகுநேரம் திருகினார். "கோயில் யானை இருக்கிறதே," என்றார் கடைசியில். "தினமும் என்னைப் பார்த்ததும் தும்பிக்கையைத் தூக்கும். இன்றைக்குத் தூக்கவில்லை."

"தூக்கவே இல்லையா?"

"பக்கத்தில் நின்ற பூக்காரனுக்குத் தூக்கியது."

யாரும் சிரிக்கவில்லை. தளவாய்கூட வருத்தமாகத் தலையாட்டினார்.

"யானையை விசாரிக்க முடியாது. அதற்கு ஊரும் இல்லை, எல்லையும் இல்லை," என்றான் சுருளியப்பன். "ஆகவே தடம் மகாராஜாவிடமே நிற்கிறது. உங்கள் தொழுவத்திலிருந்து ஒரு பொறுமையை அவிழ்த்துத் தளவாய்க்குக் கொடுக்க வேண்டும். நாளைக்கு அவரையும் மதிலுக்குக் கூட்டிப் போங்கள். அவர் ஒவ்வொரு கல்லாகக் குறை சொல்வார். முடிக்கிற வரை கொட்டாவி விடக்கூடாது."

"அதற்கு ஒரு மாட்டையே கொடுத்துவிடலாமே!" என்றார் ராஜா. ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

தளவாய் இரண்டு காலையும் ஊன்றி நின்றார். தொண்டையைச் செருமினார். "அந்தப் பெண்... இருக்கட்டும் மகாராஜா. படிக்கம்தானே. அவளை எங்கேயும் அனுப்ப வேண்டாம்."

செங்கமலம் கும்பிட்டுவிட்டு முற்றத்தில் இறங்கினாள்.

ராஜா மனம் குளிர்ந்து சுருளியப்பனுக்கு ஒரு சால்வை போர்த்தினார். சுருளியப்பன் அதைப் பிரித்துப் பார்த்தான். ஓரத்தைத் தடவினான். முகம் சுருங்கியது.

"மகாராஜா, தீபாவளிக்கு மந்திரியாருக்குக் கொடுத்ததில் ஜரிகை நாலு விரல் இருந்தது. இதில் இரண்டு விரல்தான் இருக்கிறது. இத்தனை நாள் உழைத்ததற்கு இதுதானா? எனக்கு இந்தச் சபையே வேண்டாம்!" சால்வையைச் சுருட்டிக் கீழே வைத்தான். நிஜமாகவே வாசல் பக்கம் திரும்பினான்.

ராஜா முன்னால் குனிந்தார்.

"சுருளி, வருகிற வழியில் யாரைப் பார்த்தாய்?"

சுருளியப்பன் குனிந்து சால்வையை எடுத்துக்கொண்டான். "என் மனைவியை," என்றான்.

ராஜா சிரித்த சிரிப்பில் புறாக்கள் மறுபடியும் பறந்தன.

முற்றத்தில் செங்கமலம் படிக்கத்தை நிமிர்த்தினாள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கழுவித் துடைத்து, நசுங்கின பக்கத்தைச் சுவரோரம் திருப்பி, தளவாயின் வலது பக்கத்தில் வைத்தாள். அவள் வீட்டுக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. அடுத்த படிக்கத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.