கவனிக்கச் சொன்ன அரசன்

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே. வெகு காலத்துக்கு முன் மலையடிவார நாடு ஒன்றை வெற்பன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் சுருக்கமாகப் பேசுவதில் அவனுக்கு ஒரு பெருமை. "நான் பாதி சொன்னால் போதும், மீதியை என் ஆட்கள் புரிந்துகொள்வார்கள்" என்பான்.

ஒரு கோடையில், ஆறு பாய்ந்து செல்லும் கீழ்நாட்டிலிருந்து சாத்தன் என்ற தூதர் வந்தார். இரண்டு நாடும் தண்ணீருக்காகச் சண்டையிட்டு ஓய்ந்திருந்த நேரம் அது.

"எங்கள் வயல்கள் கருகுகின்றன. ஆற்றில் எங்களுக்கும் பங்கு வேண்டும்" என்று பணிவாகக் கேட்டார்.

அரசனுக்கு அவரைப் பிடித்துவிட்டது. "நாளைக்குப் பதில் சொல்கிறேன்" என்றவன், எழுந்து போகும்போது, "இவரை நன்றாகக் கவனியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சமையற்காரி நங்கை அதைக் கேட்டாள், விருந்து சமைத்தாள். பண்டகசாலைக்காரன் கேட்டான், பரிசாகப் பட்டு எடுத்துவைத்தான். படைத்தலைவன் வல்லாளனும் கேட்டான். அவன் தம்பி அந்தச் சண்டையில் இறந்தவன். தூதரை இருட்டறைக்கு இழுத்துப்போய் அடித்தான்.

இலை போட்டுக் காத்திருந்த நங்கை அரசனிடமே போனாள். "விருந்தாளியைக் காணோம், அரசே. சோறு ஆறுகிறது."

தேடினார்கள். உதடு கிழிந்து கிடந்தார் சாத்தன்.

"யார் சொல்லி இதைச் செய்தாய்?" என்று அரசன் வல்லாளனைக் கேட்டான்.

"தாங்கள்தான், அரசே. நன்றாகக் கவனிக்கச் சொன்னீர்கள். படையில் அதற்கு இதுதான் அர்த்தம்" என்றான் வல்லாளன்.

நங்கை மெல்லச் சொன்னாள்: "என் காதிலும் அதே சொல்தான் விழுந்தது, அரசே. நான் பாயசம் வைத்தேன்."

அரசனின் கை வாளை நோக்கிப் போய், திரும்பி வந்தது. வல்லாளனின் துக்கம் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பாதிச் சொல்லை அவன் கையில் கொடுத்திருந்தான்.

அரசனே தரையில் உட்கார்ந்து சாத்தனின் காயத்தைக் கழுவினான். "சோறு போடுங்கள், படுக்கை கொடுங்கள், ஒரு கீறலும் படக்கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிழை என்னுடையது."

"தண்ணீரைப் பற்றியாவது தெளிவாகச் சொல்லுங்கள்" என்றார் சாத்தன்.

"பார்க்கலாம் என்று சொல்லிவையுங்கள், அரசே" என்று அமைச்சர் காதோடு சொன்னார்.

அரசன் தலையசைத்து மறுத்தான். "ஆற்றுநீரில் சரிபாதி உங்களுடையது. மழை பெய்தாலும் பாதி, பொய்த்தாலும் பாதி. எங்கள் வயல் காய்ந்தாலும் உங்கள் பாதியைத் தொடமாட்டோம்."

சாத்தன் வல்லாளன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன புரிந்தது?"

வல்லாளன் குனிந்த தலை நிமிராமல், "பாதி உங்களுக்கு. தொடமாட்டோம்" என்றான்.

நங்கையைக் கேட்டார். அவளும் அதையே சொன்னாள்.

அதன் பிறகுதான் சாத்தன் இலைக்கு முன்னால் வந்து அமர்ந்தார்.

சொல்பவர் நினைத்ததையே கேட்பவரும் நினைக்கும்படி பேசுவதுதான் நல்ல பேச்சு.