ராஜாவின் விக்கலும் பொக்கிஷத்தாரின் பெட்டியும்

முன்னொரு காலத்தில் பூவாற்றுச் சீமையைக் கோணேரி ராஜா ஆண்டுவந்தார். அவர் மீசையைத் தாங்கிப் பிடிக்கவே இரண்டு ஆட்கள். சந்தேகமென்றால் அந்த ஆட்களின் பேரன்களைக் கேளுங்கள்.

அந்த வருஷம் ஆறு பெருகி, கரையோரக் குடிசைகளை அள்ளிக்கொண்டு போனது. மந்திரி கூத்தபிரான் யோசனை சொல்ல, "குடும்பத்துக்கு ஒரு பொன்!" என்றார் ராஜா.

மந்திரியின் பேரைக் கேட்டாலே பொக்கிஷத்தார் திருமேனிநாதருக்கு வயிறு எரியும். அவர் எழுந்தார். "கண்டவர் கையில் பொன் கொடுக்கலாமா மகாராஜா? நம் பொக்கிஷசாலையில் தன் பேரில் இரும்புப்பெட்டி வைத்திருப்பவனுக்கு மட்டும், அந்தப் பெட்டியில் போடுவோம்."

"பலே!" என்றார் ராஜா. அவருக்கு எல்லாமே பலேதான்.

ஓடக்காரி செம்பாயி கைக்குழந்தையோடு வந்து நின்றாள். "சாமி, பிள்ளைக்குக் காய்ச்சல். அடுத்த மழைக்குள்ளே கூரை போட்டாகணும். பெட்டிக்கு என்ன செய்யணும்?"

"வீட்டை ஈடு வை" என்றார் பொக்கிஷத்தார்.

"வீடே ஆத்தோட போச்சுங்களே! அதுக்குத்தானே பொன்னு!"

"வீடு இல்லையா? பெட்டி இல்லை. பெட்டி இல்லையா? பொன் இல்லை."

"நாளை வரை பொறு தாயி" என்றார் மந்திரி.

மறுநாள் சபையில் மந்திரி ஒரு கிண்ணம் பொரிமாவை நீட்டினார். "வெள்ளத்தில் தப்பியவர்கள் இதைத்தான் தின்கிறார்கள். ருசி பாருங்கள், மகாராஜா."

ராஜா ஒரு பிடி போட்டார். மாவு தொண்டையை அடைத்தது. "விக்! தண்ணீர்!"

மந்திரி தண்ணீர்ச் செம்பை மார்போடு அணைத்துக்கொண்டார். "தங்கள் பேர் பதிந்த பாத்திரம் எங்கே, மகாராஜா? அதில்தான் ஊற்றுவேன். பொக்கிஷத்தார் காட்டிய வழி!"

"அரண்மனையே, விக், என்னுடையதய்யா!"

"அரண்மனை சரி. பேர் பதிந்த பாத்திரம்?"

ராஜாவின் கண் பிதுங்கியது. மீசை தாங்கிகள் மீசையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பொக்கிஷத்தார் பாய்ந்து செம்பைப் பிடுங்கினார். "பாத்திரமாவது ஒன்றாவது! கையை ஏந்துங்கள் மகாராஜா! கடவுள் கொடுத்த கை இருக்கிறதே!"

ராஜா ஏந்திக் குடித்தார். விக்கல் நின்றது. சபைக்கே உயிர் வந்தது.

"பொக்கிஷத்தாரே," என்றார் மந்திரி, "செம்பாயிக்கும் கடவுள் இரண்டு கை கொடுத்திருக்கிறார்."

ராஜா சிரித்த சிரிப்பில் தூண் புறாக்கள் பறந்தன. "கையிலேயே கொடும்!"

"ஒருத்தரே இரண்டு தடவை வாங்கினால்?" என்று முனகினார் பொக்கிஷத்தார்.

"வாங்கிய கையில் மருதாணி வையுங்கள். பத்து நாளானாலும் போகாது" என்றார் மந்திரி.

"பலே! பொக்கிஷத்தாரே, நீரே அரைத்து நீரே வையும்!" என்றார் ராஜா.

மருதாணிக் கையில் பொன்னை இறுக்கிக்கொண்டு செம்பாயி மூங்கில் வாங்க ஓடினாள். மழை வந்தபோது, புதுக் கூரைக்குக் கீழே குழந்தை நனையாமல் தூங்கியது. பொக்கிஷத்தாரின் பத்து விரலும் கல்யாணப் பெண்ணைப் போலச் சிவந்திருந்தன.

"மந்திரி, உமக்கும் நூறு பொன்! பெட்டி இருக்கிறதா?" என்றார் ராஜா.

"இல்லை மகாராஜா" என்று இரண்டு கையையும் ஏந்தினார் கூத்தபிரான். "பொக்கிஷத்தாரையே போடச் சொல்லுங்கள். மருதாணியும் சேர்த்து!"

அந்தச் சீமையில் பொக்கிஷம் காப்பவருக்கு இன்றைக்கும் விரல் சிவப்புத்தான். நம்பாதவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்.