சர்வரில் கன்டெய்னர் ஏற்றிய கதை

பாளையங்கோட்டையில் சோலைமணி பவன் என்று ஒரு ஓட்டல். அதை நடத்தி வந்த மூன்று பேரையும் முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். அப்படிப்பட்டவர்கள் இந்தக் காலத்தில் கிடைப்பது கஷ்டம். கிடைத்தால் நம்மால் தாங்க முடியாது என்பது வேறு விஷயம்.

மேனேஜர் வைத்தியலிங்கம், சமையலுக்குச் சரக்கு மாஸ்டர் இசக்கிராஜ், ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்ளும் தங்கப்பழம். பரிமாறுவதற்கு இருந்தது ஒரே ஒரு சர்வர். பெயர் சங்கரநயினார். வயசான மனிதர், முழங்கால் வலி உண்டு. ஆனால் யார் சட்னியை ரெண்டாம் தரம் கேட்பார்கள் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

சென்னையில் இருக்கும் முதலாளி குணசீலன் ஒருநாள் போன் செய்தார். "எல்லாக் கிளைக்கும் புது சர்வர் அனுப்புதேன். பில்லு, ஆர்டரு, கணக்கு எல்லாம் இனிமே அதுலதான். வெள்ளிக்கிழமை சர்வர் ஓடணும். ஓடலேன்னா உங்க கிளையை இழுத்து மூடிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருங்க."

இதைக் கேட்டுச் சங்கரநயினார் ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். வேறு எந்த ஓட்டலும் இந்த முழங்காலுக்கு வேலை தராது என்பது அவருக்குத் தெரியும். புது சர்வர் வந்தால் தனக்கு வேலை போகும். புது சர்வர் ஓடாவிட்டால் எல்லாருக்கும் போகும். பாவம், எதற்கு அழுவது என்றே அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் லாரி ஆபீசிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. "புது சர்வர் வந்தாச்சு, கையெழுத்துப் போடுங்க" என்றான் கொண்டுவந்தவன்.

"ஆளைக் காணும், பெட்டி மட்டும் வந்திருக்கு" என்றார் வைத்தியலிங்கம்.

"பெட்டியை முன்னால அனுப்பிட்டு ஆளு ரயில்ல வாராவ போல" என்றார் தங்கப்பழம்.

"தொறந்து பாப்பமா?" என்று கேட்டார் இசக்கிராஜ்.

வைத்தியலிங்கத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "அடுத்தவன் பெட்டியைத் தொறக்கலாமா வே? வேட்டி சட்டை இருக்கும், பொண்டாட்டி போட்டோ இருக்கும். வந்து என்ன நினைப்பாரு?"

பெட்டியை மாடிப்படிக்கு அடியில் ஒரு பாய் விரித்து வைத்தார்கள். தன் வேலைக்கு வேட்டு வைக்க வந்தவன் பெட்டி என்று தெரிந்தும், சங்கரநயினார் தினமும் அதைத் தூசி தட்டி, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தார். நல்ல மனுஷன்.

புதன்கிழமை ஆகியும் புது சர்வர் வரவில்லை. அன்று காலையில் சென்னையிலிருந்து பிரியம்வதா என்று ஒரு இன்ஜினியர் பெண் கூப்பிட்டாள். அவள் ஒரே நேரத்தில் பல ஊர்களுக்கு இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் பதிலில் பாதிதான் அவள் காதில் விழும்.

"சார், இன்னைக்குச் சர்வர்ல கன்டெய்னர் சாப்ட்வேர் ஏத்தணும். நான் சொல்லச் சொல்ல நீங்க செய்யுங்க. சர்வர் பக்கத்துல இருக்கா?"

வைத்தியலிங்கம் யோசித்தார். புது ஆள் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒரு சர்வர் ஓடியாக வேண்டும். இருக்கிற சர்வரை வைத்துப் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"இருக்காரும்மா. பக்கத்துலதான் நிக்காரு."

"எண்டர்பிரைஸ்தானே?"

லைனில் இரைச்சல். அவர் காதில் அது 'எந்த ஊர்' என்று விழுந்தது. "மானூரும்மா" என்று சங்கரநயினாரின் ஊரைச் சொன்னார்.

"மேனுவலா? சரி, மேனுவலாவே பண்ணிரலாம். மெமரி எப்படி?"

"ஆறு டேபிள் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல போனா வடையை மறந்துருவாரு."

"ஆறா? கம்மிதான். பரவால்ல, ஓடும்."

"மெதுவாத்தாம்மா ஓடுவாரு. முழங்காலு."

"முதல்ல அப்டேட் பண்ணுங்க சார். பாதியில நிறுத்திராதீங்க. நிறுத்தினா சர்வர் கரப்ட் ஆயிடும்."

வைத்தியலிங்கம் போனைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். சங்கரநயினார் ஆடிப்போய்விட்டார். "இத்தனை வருஷத்துல ஒருத்தர்கிட்டயும் டிப்ஸுக்குக் கூட கை நீட்டினதில்லையே அண்ணாச்சி. நானா லஞ்சம் வாங்குவேன்?"

அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் அப்டேட்டை ஒழுங்காகச் செய்தார்கள். அப்டேட் என்றால் நாட்டு நடப்பு தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதானே. வடை கட்ட வைத்திருந்த பழைய பேப்பர்க் கட்டு முழுவதையும் எடுத்து ஒன்று விடாமல் அவருக்கு வாசித்தார்கள். தங்கம் விலை, அணை நீர்மட்டம், காணாமல் போனவர்கள், மணமகள் தேவை. நடுவில் யாரோ ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இறந்த செய்தி வந்தது. "நல்ல மனுஷன் போல இருக்கே" என்று சங்கரநயினார் கண்ணைத் துடைத்தார். நிறுத்தக் கூடாது என்பதால் அழ அழவே மீதியையும் வாசித்தார்கள். காபி கேட்டு வந்தவர்கள் கேட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"முடிஞ்சிட்டும்மா" என்று வைத்தியலிங்கம் சொன்னபோது அவர் தொண்டை கட்டியிருந்தது.

"சூப்பர் சார். இப்போ இமேஜை இழுக்கணும்."

இதில் கொஞ்சம் விவாதம் ஆகிவிட்டது. இமேஜ் என்றால் ஊரில் ஒருவருக்கு இருக்கும் மதிப்பு என்றார் தங்கப்பழம். அதை இழுத்தால் டேமேஜ் ஆகும், ஒரு பெரிய மனுஷனுக்கு அதைச் செய்யக் கூடாது என்றார். இமேஜ் என்றால் போட்டோ என்றார் இசக்கிராஜ். கடைசியில் சங்கரநயினாரே தீர்த்துவைத்தார். "எம் மதிப்பு சின்னது அண்ணாச்சி, கயிறு கட்ட இடமிருக்காது. கல்யாண போட்டோ பெருசா பிரேம் போட்டு வச்சிருக்கு. அதை இழுப்போம்."

வீட்டிலிருந்து போட்டோவை வரவழைத்து, கயிறு கட்டி, வாசலிலிருந்து மெல்ல இழுத்தார்கள்.

"எவ்வளவு வந்திருக்கு சார்?"

"கல்லாப்பெட்டி வரைக்கும் வந்துட்டு."

"நெட் ஸ்லோவா இருக்கும். வெயிட் பண்ணுங்க."

நெட் என்னவோ தெரியாது, இழுத்த தங்கப்பழத்துக்கு மூச்சு வாங்கியது. போட்டோவில் சங்கரநயினாரின் மனைவி முகத்தில் மட்டும் ஒரு கீறல் விழுந்தது.

"அடுத்து கன்டெய்னர் சார். இதுல ஒரு அழகு என்னன்னா, ஒவ்வொரு கன்டெய்னரும் தனி. ஒண்ணுக்குள்ள ஓடுறது பக்கத்துல இருக்கிறதுக்குத் தெரியவே தெரியாது."

ஓட்டலில் கன்டெய்னர் என்று இருந்தது சாம்பார் வாளி, ரசத் தூக்கு, சட்னித் தூக்கு இவைதான். எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தார்கள். இசக்கிராஜ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கவலையோடு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, சாம்பாருக்கும் ரசத்துக்கும் ஒரே பானையிலதான் பருப்பு வேகுது. ஒண்ணா வெந்ததுக. ஒண்ணுக்கு ஒண்ணு தெரியாதுன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

"இதுவரைக்கும் தெரிஞ்சது தெரிஞ்சதா இருக்கட்டும்" என்றார் வைத்தியலிங்கம். "இனிமே தெரியாமப் பாத்துக்கிடுவோம்."

ஒவ்வொரு வாளியையும் துண்டு போட்டு மூடினார்கள். சங்கரநயினாரின் வலது கையில் சாம்பார், இடது கையில் ரசம், நடுவில் பார்வை படாமல் இருக்க ஒரு ஓலைத் தட்டியை அவர் நெஞ்சில் கட்டினார்கள். சாம்பார் பக்கத்தில் நின்றுகொண்டு யாரும் ரசம் என்ற பெயரை எடுக்கக் கூடாது என்று கட்டளை. மதியம் ரசம் கேட்ட ஒருவர் வாயை இசக்கிராஜ் பொத்தியே விட்டார்.

"கன்டெய்னர் ஏத்தியாச்சும்மா. ரெண்டு கையிலயும் நிக்குது."

"குட். வெளியில இருந்து உள்ள வரணும்ல, அதுக்கு ஃபயர்வால்ல ஒரு போர்ட் தொறந்து விடுங்க."

ஃபயர் என்றால் நெருப்பு, வால் என்றால் சுவர். தோசைக்கல்லுக்குப் பின்னால் இருக்கிற சுவரைத் தவிர வேறு எதுவாக இருக்க முடியும்? அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. போர்ட்தான் இடித்தது.

"போர்ட்டு தூத்துக்குடியில்லா இருக்கு" என்றார் தங்கப்பழம். "கப்பல் வந்து நிக்கும். கன்டெய்னரும் அங்கனதான் வந்து இறங்கும்."

"அடுப்புச் சுவத்துல எப்படி வே கப்பல் வரும்?" என்றார் இசக்கிராஜ்.

"கப்பல் வேண்டாம். கன்டெய்னர் போயிட்டு வார அளவுக்கு வழி இருந்தாப் போதும்லா."

சாம்பார் வாளியைச் சுவரில் வைத்து அளவெடுத்துக் கடப்பாரையால் இடித்தார்கள். அந்தப் பக்கம் தையல் கடை. டெய்லர் ஓட்டை வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார். தோசைக்கல்லின் சூடு முகத்தில் அடித்தது. "இனிமே இஸ்திரிப் பெட்டிக்குக் கரி வாங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கடைசியா ரெண்டு வேலைதான் சார்" என்றாள் பிரியம்வதா. "கன்டெய்னரை ஓடவிடுங்க. ஹலோ வேர்ல்டுன்னு வந்தா எல்லாம் சரியாயிருச்சுன்னு அர்த்தம்."

தட்டியும் வாளியுமாகச் சங்கரநயினார் அடுப்பங்கரையிலிருந்து வாசல் வரைக்கும் நொண்டி நொண்டி ஓடினார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். வாசலில் நின்று, ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்து, "ஹலோ வேர்ல்டு" என்றார். பணிவாகத்தான் சொன்னார். பஸ்ஸில் ஒருவர் பதிலுக்குக் கையசைத்தார்.

"வந்துட்டும்மா" என்றார் வைத்தியலிங்கம்.

"கங்கிராட்ஸ் சார். ஆட்டோ ரீஸ்டார்ட் மட்டும் போட்டுருங்க. சர்வர் எப்ப விழுந்தாலும் ஆட்டோ ரீஸ்டார்ட் ஆகணும்." அவள் போனை வைத்துவிட்டாள்.

இது ஒன்றுதான் சுலபமாக இருந்தது. ஸ்டாண்டிலிருந்து ஒரு ஆட்டோவைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தினார்கள். "சர்வர் விழுந்தா நீ ஸ்டார்ட் பண்ணணும். நின்னா மறுபடியும் ஸ்டார்ட் பண்ணணும்" என்று டிரைவருக்குச் சொல்லிவைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. சாப்பாட்டு நேரம், கூட்டம். நெஞ்சில் தட்டி கட்டியவருக்குக் கால் எங்கே படுகிறது என்று தெரியுமா? சங்கரநயினார் தடுக்கி விழுந்தார். ரசமும் சாம்பாரும் ஒன்றையொன்று பார்த்துவிட்டன.

வாசலில் ஆட்டோ ஸ்டார்ட் ஆனது. சொன்னபடி எல்லாம் நடக்கிறதே என்று வைத்தியலிங்கத்துக்கு ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. சங்கரநயினாரைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்லாததால், டிரைவர் வழக்கமாகச் சவாரி போகிற, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டவுனுக்கே போய்விட்டான்.

அந்த நேரம் பார்த்து முதலாளி போன் செய்தார். "இங்க உங்க கிளையில இருந்து ஒண்ணுமே வரலையே. சர்வர் என்னாச்சு?"

"டவுன் அண்ணாச்சி."

"டவுனா?" முதலாளியின் குரல் மாறிவிட்டது. "நான் என்ன சொன்னேன்? சாயங்காலத்துக்குள்ள சர்வர் அப் ஆகணும். இல்லேன்னா ராத்திரி ரயிலைப் புடிச்சு வந்து நானே பூட்டுப் போடுவேன்."

வைத்தியலிங்கம் போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். இசக்கிராஜ் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"டவுன்னா கீழ, அப்புன்னா மேல" என்றார் தங்கப்பழம்.

"டவுன் கீழ இல்லையே வே, மேற்கால்லா இருக்கு" என்றார் இசக்கிராஜ்.

"எங்கன வேணும்னாலும் இருந்துட்டுப் போகட்டும். முதலாளி மேல ஏத்தச் சொல்லுதாவ. ஏத்துவோம்."

வைத்தியலிங்கம் சைக்கிளில் பறந்தார். டவுனில் கோயில் வாசலில், என்ஜின் ஓடிக்கொண்டிருந்த ஆட்டோவில் சங்கரநயினார் பரிதாபமாக உட்கார்ந்திருந்தார். அதே ஆட்டோவில் ஓட்டலுக்குக் கொண்டுவந்தார். விழுந்த முழங்காலோடு படியேற முடியாததால் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூன்று பேரும் சேர்ந்து, படியில் முட்டி மோதி, மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள்.

போன் வந்தது. "அப் ஆயிட்டா?"

"ஆயிட்டு அண்ணாச்சி. இதுக்கு மேல அப் கிடையாது."

"எனக்கு இன்னும் ஒண்ணும் வரல. ஆனா அப் ஆயிட்டுன்னா வந்துரும். கடை நடக்கட்டும். ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கிடுங்க, எந்தக் காரணத்துக்காகவும் இனிமே அது டவுன் ஆகக் கூடாது."

வைத்தியலிங்கம் அங்கேயே உட்கார்ந்து அழுதார். கடை பிழைத்தது. சங்கரநயினாரின் வேலையும் பிழைத்தது. இசக்கிராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, இறங்கிராதீங்க" என்றார்.

அன்றிலிருந்து சோலைமணி பவனில் சாப்பாடு மொட்டை மாடியில்தான். சாம்பார் வாளி கயிற்றில் மேலே போகும். சங்கரநயினார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பரிமாறுவார். அவர் மனைவி மாற்று வேட்டியோடு வந்து பார்த்து, மானூரைவிட இங்கே காற்று நல்லா வருது என்று சொல்லிவிட்டுப் போனாள். மாடிப்படிக்கு அடியில் பாயில் இருந்த பெட்டிக்கு மட்டும் இன்னும் ஆள் வரவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பிரியம்வதா மறுபடியும் கூப்பிட்டாள். "சார், உங்க கிளையில இருந்து இன்னும் ஒண்ணும் வரலையாம். அதனால சர்வரை கிளவுடுக்கு மாத்தச் சொல்லி முதலாளி சொல்லியிருக்காரு. எப்ப வச்சுக்கலாம்?"

மூன்று பேரும் மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தார்கள். வெயில் காலம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கொஞ்ச நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

"ஐப்பசி வரைக்கும் பொறுக்க முடியுமாம்மா?" என்று கேட்டார் வைத்தியலிங்கம். "அப்போ மேகம் தானாவே மாடி உயரத்துக்கு இறங்கி வந்துரும். நாங்க இவரை ஒரு ஸ்டூல் மேல ஏத்தி நிறுத்தினாப் போதும்."

"ஐப்பசியா? ஓகே சார், அக்டோபர்னு போட்டுக்கறேன்" என்று பிரியம்வதா குறித்துக்கொண்டாள்.

சங்கரநயினாருக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அண்ணாச்சி, அங்க இருந்து பார்சல் கட்ட முடியுமா, இல்ல மேல வந்து சாப்பிடுதவங்களுக்கு மட்டும்தானா?"

அதை அடுத்த போனில் கேட்டுச் சொல்வதாக வைத்தியலிங்கம் சொல்லியிருக்கிறார்.