பதினோரு நிமிஷக் கோடு

குருவின் பெயர் பர்வீன். வயது முப்பத்தொன்று. சீடன் ஆரோக்கியசாமிக்கு ஐம்பத்திரண்டு. உலகத்தில் அப்படியும் உண்டு.

இருவருக்கும் ஓர் ஆஸ்பத்திரியின் கணினி அறையில் வேலை. தீவிர சிகிச்சைப் பிரிவின் பத்துக் கட்டில்களுக்கும் அபாய மணி அடிப்பது அங்கிருந்த ஒரே கணினி.

அன்று காலை ஆறாம் கட்டில்காரருக்கு மூச்சு நின்றது. மணி அடிக்கவில்லை. நர்ஸ் ஸ்டெல்லா தற்செயலாகத் திரும்பிப் பார்த்ததால் பிழைத்தார். மணியை அவள்தான் அணைத்து வைத்தாள் என்றார்கள். மூன்று மணிக்கு விசாரணை. வேலை போகும்.

கணினி நிமிஷத்துக்கு ஒருமுறை தான் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைத் தானே எழுதி வைக்கும். சீடன் ‘லாக்’ என்ற அந்தப் பதிவை எடுத்தான். ஒரு வரிக் கட்டளை தட்டினான். கறுப்புத் திரையில் கோடு வந்தது. ஏற்றமில்லை, இறக்கமில்லை.

வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

“பாருங்க மேடம். வாய்க்கால் தண்ணி மாதிரி போகுது. மெஷின் மேல தப்பில்ல. அந்தப் பொண்ணுதான்.”

“அவ மேல என்ன கோபம்?”

“கோபமில்ல மேடம், பயம். அவ தப்புன்னா ஒரு வேலையோட போச்சு. மெஷின் தப்புன்னா? இப்பவும் பத்துப் பேர் அதை நம்பித்தானே படுத்திருக்காங்க?”

குரு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். கோடாக வரை என்றிருந்த கட்டளையைப் புள்ளியாக வை என்று மாற்றினாள்.

புள்ளிகள் வந்தன. எறும்புச் சாரி போல நெருக்கமாக. காலை பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்தில் நின்றன. பத்து இருபத்துமூன்றில் மறுபடி தொடங்கின. நடுவில் கறுப்பு.

“இங்க ஏன் ஒண்ணுமில்ல?”

“எழுத ஆள் இல்ல.”

“மெஷின் நின்னுபோச்சா?”

“நின்னு, தானா எழுந்திருக்கு.”

சீடன் அந்தக் கறுப்பில் விரல் வைத்தான்.

“ஆறாம் கட்டில்ல மூச்சு நின்னது பத்து பதினஞ்சுக்கு.”

“ம்.”

“நான் போட்ட படத்துல அங்க கோடு இருந்துச்சே?”

“இந்தக் கரைப் புள்ளியையும் அந்தக் கரைப் புள்ளியையும் இழுத்து முடிச்சுப் போட்டிருக்கு. கோடு கேட்டீங்க. குடுத்துச்சு.”

படத்தை அச்சிட்டு அவன் கையில் திணித்தாள்.

“ஸ்டெல்லா விசாரணைக்கு இது. முதல்ல வார்டுக்குப் போங்க. கட்டிலுக்கு ஒரு ஆள் நிக்கணும். மணியை நம்ப வேணாம்னு சொல்லுங்க.”

சீடன் கதவுவரை போனான். கதவைப் பிடித்தபடி நின்றான்.

“மேடம், இப்ப ஓடுதா?”

குரு கட்டளையை மறுபடி ஓட்டி, திரையின் வலது ஓரத்தைப் பார்த்தாள்.

“கடைசிப் புள்ளி விழுந்து அம்பது செகண்ட் ஆச்சு. அதுவரைக்கும் ஓடுச்சு.”