கோடையில உருகாத பனி

"பூமி நேரா நடக்கிறவ இல்ல…" அப்படின்னு எங்க பெரியத்தை ஆரம்பிப்பாங்க. அதுக்கு அடுத்து என்னமோ ஒண்ணு சொல்லுவாங்க, எனக்கு மறந்துபோச்சு. கதை மட்டும் ஞாபகம் இருக்கு. உம் கொட்டிக்கிட்டே கேளு. நீ நிறுத்தினா நானும் நிறுத்திருவேன்.

பனிமலை அடிவாரத்துல ஒரு ராச்சியம் இருந்துச்சாம். ராஜா பேரு வெயிலுகந்தார். பேர்லதான் வெயில், ஊர்ல ஒரே குளிரு. அங்கே சடச்சின்னு ஒருத்தி நாப்பது ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தா. கோடையில ஊரே வெயில் காயுறப்ப அவ மட்டும் மலையேறி, பனி எதுவரைக்கும் உருகாமக் கிடக்குன்னு பார்த்து, அங்கே ஒரு முளை அடிச்சுட்டு வருவா. கிறுக்கின்னு சிரிச்சாங்க. முளையோ வருஷா வருஷம் கீழே இறங்கிச்சு, புல்வெளி சுருங்கிச்சு. (கதையில வருஷம் குதிரை மாதிரி ஓடும், விரல் விட்டு எண்ணாதே.) பனி ஊரையே மூடப்போகுது, இடம் மாறணும்னு அவ ராஜாகிட்ட போய்ச் சொன்னா.

மந்திரி அழகேசனுக்கு அது பிடிக்கல. ஏன்னா, அப்பத்தான் மலைமேல எல்லாரையும் விட உசரமா ஒரு கல்வீடு கட்டி முடிச்சிருந்தான். இதெல்லாம் குளிர்காலம் பண்ற அட்டூழியம், பிடிச்சு உள்ளே போட்டாச் சரியாப்போகும்னு ராஜா காதுல ஓதினான். உடனே சேவகர்கள் போய்க் குளிர்காலத்தைக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க.

"எங்க அப்பன் கொட்டின அளவுதான் சாமி நானும் பனி கொட்டுறேன்" அப்படின்னு குளிர்காலம் சொல்லிச்சு. "உருக்க வேண்டியவ உருக்கலைன்னா என்னை ஏன் கட்டுறீங்க? கோடையைக் கேளுங்க."

அப்புறம் கோடையை இழுத்துட்டு வந்தாங்க. அவ தலைகுனிஞ்சு நின்னா.

"எனக்கு வர்ற சூடே குறைஞ்சுபோச்சு மகாராஜா. பூமி சூரியனைச் சுத்துற பாதை முட்டை மாதிரி நீண்டுபோச்சு. அவ சாய்ஞ்சு நடக்கிறதும் குறைஞ்சிருச்சு, அதனால இந்த மலைப்பக்கம் சூரியனுக்குச் சரியா முகம் காட்ட மாட்டேங்குது. போதாததுக்குப் பம்பரம் மாதிரி தலையாட்டுறா. இங்கே என் முறை வர்றப்ப அவ சூரியனை விட்டுத் தூரத்துல நிக்கிறா. நான் என்ன செய்ய?"

இவ்வளவு சின்னச் சாய்வுக்கு உலகமே நடுங்குமான்னு மந்திரி கேட்டான். அவன் ஆயுசுல கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். கடலம்மாவுக்குத்தான் அது தெரியும்னு கோடை சொன்னா. கடலைக் கட்டி இழுக்க முடியுமா? ராஜாவே கிளம்பினார், சடச்சியும் கூடப் போனா. போனா, கடல் கரையை விட்டு எங்கேயோ தள்ளிப் போயிருக்கு. தண்ணி பூரா மலைமேல பனியா உட்கார்ந்திருக்கே!

"முதல்ல கொஞ்சந்தான் குளிர்ந்துச்சு. குளிர்ந்தா நான் கரிக்காத்தை விழுங்குவேன், அது என் குணம்" அப்படின்னா கடலம்மா. "அதுதான் பூமி போர்த்தியிருந்த போர்வை. போர்வை மெலிஞ்சதும் இன்னும் குளிர்ந்துச்சு, நான் இன்னும் விழுங்கினேன்."

சோடா பாட்டில் மாதிரிதான், அதுக்குள்ள அடைச்சிருக்கிறதும் இதே கரிக்காத்துதான், கார்பன் டை ஆக்சைடு. ஜில்லுன்னு இருந்தா காத்து உள்ளேயே கிடக்கும், வெயில்ல வச்சா புஸ்ஸுன்னு போயிரும்.

"எப்பத் தாயி திருப்பித் தருவே?" சடச்சி கேட்டா.

"பூமி மறுபடி நல்லாச் சாயட்டும். கோடை சுட்டா நானே ஏப்பம் விட்டுருவேன். பனி வரத்தான் நாளெடுக்கும், போறப்ப ஓட்டமா ஓடிரும். அன்னிக்கு நானும் மேலே ஏறி வந்துருவேன், என்மேல வருத்தப்படக் கூடாது."

ரெண்டு பேரும் ஊருக்குத் திரும்பினா, மந்திரி வீட்டுல மொட்டைமாடி மட்டும் பனிக்கு வெளியே தெரியுது. மந்திரி, சடச்சியோட ஆடுகளுக்கு நடுவுல சூடு காய்ஞ்சுக்கிட்டு இருந்தான்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க மந்திரி, கிடாய்க்கு இடம் பத்தலை" அப்படின்னா அவ.

ராஜா ஊரைக் கூட்டினார். கடலம்மா திரும்பி ஏறி வர்ற வரைக்கும் அவ விட்டுப்போன நிலத்துல எல்லாரும் போய்க் குடியேறலாம், ஆனா அங்கே ஒருத்தரும் கல்வீடு கட்டக் கூடாது, சுருட்டித் தோள்ல போட்டுக்கிற கூடாரம்தான் போடணும்னு உத்தரவு போட்டார்.